அமெரிக்காவில் கச்சேரி செய்யப் போகிறவருக்கு எந்த விசா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடக இசை, பரதநாட்டியம், நாகஸ்வரம், பறை, கூத்து என எந்தக் கலையானாலும் சரி, அமெரிக்க மேடையில் ஏறிச் சம்பளம் வாங்கப் பெரும்பாலும் பொருந்துபவை இரண்டு விசாக்கள்தான்: பி-3 (P-3), ஓ-1பி (O-1B). இரண்டுக்கும் வழி ஒன்றே. முதலில் அங்கிருக்கும் ஒருவர் யுஎஸ்சிஐஎஸ் என்ற குடிவரவு அலுவலகத்தில் மனு போட வேண்டும். மனு தேறிய பிறகுதான் நீங்கள் தூதரகத்துக்குப் போகலாம். மனுவைப் படிக்கும் அதிகாரி வாழ்நாளில் ஒரு கச்சேரிகூடக் கேட்காதவராக இருக்கலாம். கீழே வரும் பதில்களில் பாதி அந்த ஒரு காரணத்தால் எழுதப்பட்டவை.

எத்தனையோ பேர் சுற்றுலா விசாவிலேயே போய்ப் பாடிவிட்டு வருகிறார்களே?

வருகிறார்கள். அது சட்டப்படி சரியில்லை. பாடுவதே தொழிலாக உள்ளவர் பி-1/பி-2 (B-1/B-2) என்ற வருகை விசாவில் மேடையேறக் கூடாது. "சம்பளம் வாங்கவில்லை, விமான டிக்கெட்டும் தங்குமிடமும் மட்டும்தான்", "கோயில் நிகழ்ச்சி, டிக்கெட் விற்கவில்லை" என்பதெல்லாம் தொழில்முறைக் கலைஞருக்குக் கைகொடுக்காது. வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்காக, வழக்கமாகவே காசு வாங்காமல் பாடுகிறவர் ஒரு தொண்டு நிகழ்ச்சியில் இலவசமாகப் பாடினால் அது வேறு கணக்கு.

சில விலக்குகள் உண்டு. ஸ்டுடியோவில் பதிவு செய்ய மட்டும் போவது, அந்தப் பதிவு அமெரிக்காவுக்கு வெளியே வெளியாவது, ரசிகர் முன் கச்சேரி இல்லை என்றால் பி-1 (B-1) போதும். பல்கலைக்கழகத்தில் லெக்-டெம் (விளக்கிச் சொல்லி நிகழ்த்திக் காட்டுவது) தந்து சன்மானம் வாங்குவதற்கும் பி-1 விதியில் இடம் உண்டு: ஒரு நிறுவனத்தில் அதிகபட்சம் 9 நாள், 6 மாதத்தில் 5 நிறுவனங்களுக்கு மேல் சன்மானம் வாங்கியிருக்கக் கூடாது.

பிடிபடுவது பெரும்பாலும் சொந்தக் கையால்தான். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் கடந்த 5 ஆண்டுகளில் நீங்கள் வைத்திருந்த சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறது. சுற்றுலா விசாவில் போயிருந்த மாதத்தில் "டல்லாஸ் ரசிகர்களுக்கு நன்றி" என்று மேடைப் படம் போட்டிருந்தால் விளக்கம் சொல்வது கடினம். விசா பெறப் பொய் சொன்னதாக அதிகாரி முடிவு செய்தால் அந்தத் தடை நிரந்தரம்.

பி-3, ஓ-1பி இரண்டில் எது எனக்கு?

பி-3 உங்கள் கலையைப் பார்க்கிறது. ஓ-1பி உங்களைப் பார்க்கிறது.

பி-3 "பண்பாட்டுத் தனித்தன்மை உள்ள" கலையை நிகழ்த்தவோ கற்பிக்கவோ வருபவருக்கு. நீங்கள் புகழ்பெற்றவர் என்று காட்டத் தேவையில்லை. கலை எப்படித் தனித்தன்மை உள்ளது, அதை முறையாகக் கற்றவர் நீங்கள் என்பதைக் காட்டினால் போதும். ஒரு முறைக்கு அதிகபட்சம் 1 ஆண்டு. முதன்மைக் கலைஞரும் பக்கவாத்தியக்காரர்களும் ஒரே மனுவில் அடங்கலாம்.

ஓ-1பி துறையில் தனித்துத் தெரிகிறவருக்கு. முதல் முறையே 3 ஆண்டு வரை கிடைக்கும். ஒரு மனுவில் ஒருவர்தான். கூட வரும் அத்தியாவசியத் துணைக் கலைஞர்களுக்கு ஓ-2 என்று தனி மனு.

ஆறு வாரம் எட்டு ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும் குழுவுக்கு பி-3 தான் சிக்கனம். அங்கேயே தங்கிப் பல நிறுவனங்களோடு வேலை செய்ய நினைக்கும் நடன அமைப்பாளருக்கோ இசையமைப்பாளருக்கோ ஓ-1பி. பெயர் கௌரவமாக இருக்கிறது என்பதற்காக ஓ-1பி பின்னால் ஓட வேண்டாம். பக்கவாத்தியக்காரருக்கு அதில் ஒரு சங்கடமும் உண்டு. அதன் சான்று விதிகளில் முதலாவதாக வருவதே "முதன்மைப் பாத்திரம்". வயலினோ மிருதங்கமோ வாசிக்கிறவர் இருபது வருடமாக முன்னணியில் இருந்தாலும் சுவரொட்டியில் பெயர் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

நானே மனு போட முடியாதா?

உங்கள் பெயரில் நீங்களே போட முடியாது. அமெரிக்காவில் உள்ள சபா, கோயில், தமிழ்ச் சங்கம், பல்கலைக்கழகம், நடனப் பள்ளி எதுவும் போடலாம். பல ஊர்களில் நிகழ்ச்சி இருந்தால் எல்லோர் சார்பிலும் ஓர் ஏஜென்ட் போடுவது வழக்கம். அவர் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. சுற்றுப்பயணத்தை ஒருங்கிணைக்கும் ஒரு சங்கமே ஏஜென்டாக இருக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் அவருக்கு அதிகாரம் கொடுத்துக் கடிதம் எழுதித் தர வேண்டும்.

தவறு நடக்கும் இடம் இதுதான்: கிளீவ்லாந்தில் கச்சேரி வைக்கும் அமைப்பு தன் ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் மனு போட்டிருக்கும். கலைஞர் அதே விசாவில் ஹூஸ்டனிலும் பே ஏரியாவிலும் வேறு ஆட்களுக்குப் பாடுவார். மனு யாருடையதோ அவருக்காக மட்டுமே வேலை செய்ய அனுமதி. மனுதாரர் ஏஜென்டாக இருந்தால் அதே மாதிரியான நிகழ்ச்சிகளை இடையில் கூட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது, திருத்த மனு வேண்டாம். ஆகவே தொடக்கத்திலேயே ஏஜென்ட் முறையில் போடுவது நல்லது.

மனுதாரருக்கு ஒரு பொறுப்பும் உண்டு. காலம் முடியும் முன்பே கலைஞரை அனுப்பிவிட்டால், ஊர் திரும்பும் செலவு அவருடையது.

மனுவில் என்னென்ன காகிதம்?

ஐ-129 என்ற மனுப் படிவம், அதோடு ஓ/பி (O/P) பிரிவுக்கான இணைப்பு. ஒப்பந்தங்களின் நகல், வாய்மொழி ஒப்பந்தம் என்றால் அதன் சுருக்கம். நிகழ்ச்சி நிரல். வல்லுநர் கடிதங்கள், பத்திரிகை விமர்சனங்கள். தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம். பாஸ்போர்ட் நகல்.

நம் ஆட்கள் அலட்சியம் செய்வது நிகழ்ச்சி நிரலை. "ஏப்ரல்–மே: பல நகரங்களில் கச்சேரி" என்று ஒரு வரி எழுதினால் கேள்வி வந்தே தீரும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, அரங்கத்தின் பெயரும் முழு முகவரியும், நடத்தும் அமைப்பு, நிகழ்ச்சியின் வகை, சம்பளம் என ஒரு வரிசை வேண்டும். "ஏப்ரல் 12, குரலிசைக் கச்சேரி, இரண்டரை மணி நேரம், வயலின் மிருதங்கம் கடத்துடன், மொத்தம் இத்தனை டாலர், தங்குமிடம் அமைப்பாளர் பொறுப்பு" என்ற அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். இடையில் மூன்று நாள் பட்டறையோ, ஓர் அரங்கேற்றத்துக்கு நட்டுவாங்கமோ இருந்தால் அதையும் எழுதுங்கள். கற்பிப்பதும் பி-3க்குள் அடங்கும், ஆனால் மனுவில் இருக்க வேண்டும்.

பி-3க்கு வல்லுநர் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

"இவர் உலகப் புகழ் பெற்ற மகத்தான கலைஞர், இவரை அழைப்பது பெருமை" என்று எழுதிய கடிதம் குப்பைக்குச் சமம். அது கலையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

கடிதம் எழுதுகிறவர் முதலில் தான் யார், இந்தக் கலை தனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். அடுத்து கலையை விளக்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தையே எடுத்துக்கொள்வோம். முன்கூட்டி எழுதிவைத்து வாசிப்பதல்ல. தாளச் சுழற்சிக்குள் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்துச் சுருக்கிக்கொண்டே வந்து, சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புகளை வைத்து, பாட்டின் எடுப்பில் (தொடங்கும் இடத்தில்) சரியாக வந்து இறங்குவது. இதை எழுத்தில் அல்லாமல் குருவிடம் சொற்கட்டாகக் கற்பது. இப்படி நான்கு வரி இருந்தால் "தனித்தன்மை" என்ற சட்டச் சொல்லுக்கு உயிர் வரும். கடைசியில், இந்தக் கலைஞர் இன்ன குருவிடம் இத்தனை ஆண்டு கற்றார், இவருடைய வாசிப்பு அந்த மரபைச் சேர்ந்தது என்று முடிக்கலாம். இப்படி மூன்று கடிதம் போதும். மூன்றும் ஒரே வாசகத்தில் இருந்தால் ஒருவரே எழுதி மூவர் கையெழுத்திட்டது தெரிந்துவிடும்.

எங்கள் நிகழ்ச்சி ஃப்யூஷன். பி-3 கிடைக்காதா?

கிடைக்கலாம். 2012இல் ஸ்கிர்பால் பண்பாட்டு மையத்தின் மனுவில் வந்த முன்னுதாரணத் தீர்ப்பு இதைப் பேசியது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த கிளெஸ்மர் இசைக்குழு அது. யூத மரபிசையும் தென்னமெரிக்க இசையும் கலந்த வடிவமும் பண்பாட்டுத் தனித்தன்மை உள்ளதாக இருக்க முடியும் என்று தீர்ப்பானது. ஆனால் எந்தப் பண்பாடு, எதோடு எது கலந்தது, அந்தக் கலவை எந்த மக்களிடம் வேர் கொண்டது என்று காட்டும் சுமை உங்களுடையது. பட்டியலில் உள்ள எல்லா நிகழ்ச்சிகளும் அந்த வகையில் இருக்க வேண்டும். ஏழு கச்சேரி கர்நாடகம், எட்டாவது திருமண வரவேற்பில் சினிமாப் பாட்டு மெல்லிசை என்றால், அந்த எட்டாவது முழு மனுவையும் இழுத்துக் கீழே போட்டுவிடும்.

ஓ-1பிக்கு சபா வாய்ப்பு, பட்டம், வானொலி கிரேடு எல்லாம் செல்லுமா?

செல்லும், மொழிபெயர்த்தால். மொழியை அல்ல, மதிப்பை. பெரிய தேசிய, சர்வதேச விருது இல்லாதவர் ஆறு வகைச் சான்றுகளில் மூன்றையாவது காட்ட வேண்டும்: சிறப்புப் பெற்ற நிகழ்ச்சிகளில் முதன்மைப் பங்கு, பத்திரிகைகளில் வந்த அங்கீகாரம், சிறப்புப் பெற்ற அமைப்புகளுக்கு முதன்மையான அல்லது இன்றியமையாத பங்களிப்பு, வணிக அல்லது விமர்சன வெற்றி, வல்லுநர், அமைப்பு, அரசு தந்த அங்கீகாரம், மற்றவரைவிட உயர்ந்த சம்பளம்.

"மியூசிக் அகாடமியில் சப்-சீனியர் ஸ்லாட்" என்றால் மயிலாப்பூரில் எல்லோருக்கும் புரியும். நெப்ராஸ்காவில் உட்கார்ந்து கோப்பைப் படிப்பவருக்குப் புரியாது. 1928இல் தொடங்கிய அமைப்பு, டிசம்பர் சீசனில் கலைஞர்களை மூப்பும் தரமும் பார்த்து நேரம் பிரித்து அமர்த்துகிறது, அதில் இந்தப் படி எங்கே இருக்கிறது என்று எழுதி, நிகழ்ச்சிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் இணைக்க வேண்டும்.

வானொலி கிரேடு இன்னும் வேடிக்கை. "பி ஹை" என்று வெறுமனே எழுதினால் அமெரிக்கருக்கு அது பள்ளிக்கூடத்தில் சுமாராக வாங்கிய மதிப்பெண் போலத் தோன்றும். அகில இந்திய வானொலி தேர்வுக் குழு வைத்துத் தரம் பிரிப்பது, பி, பி ஹை, ஏ, டாப் என ஏறும் வரிசை எல்லாவற்றையும் விளக்க வேண்டும். கலைமாமணி மாநில அரசு இயல் இசை நாடக மன்றம் வழியாகத் தருவது, பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் மத்திய சங்கீத நாடக அகாடமி இளம் கலைஞருக்குத் தருவது என்பதையும் சான்றோடு சொல்லுங்கள். ஊர்ச் சங்கம் பொன்னாடையோடு தந்த பட்டங்களைப் பத்துப் பதினைந்து அடுக்க வேண்டாம். நல்ல சான்று அந்தக் குவியலில் மறைந்துபோகும்.

தமிழ்ப் பத்திரிகை விமர்சனம் இருக்கிறது. அதை எப்படிக் கொடுப்பது?

மூலத்தின் நகல், முழு ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். உறுதிமொழி நீளமாக இருக்க வேண்டாம்: "தமிழும் ஆங்கிலமும் எனக்குத் தெரியும், இந்த மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது" என்பதற்குக் கீழே பெயர், கையெழுத்து, தேதி, முகவரி. நோட்டரி தேவையில்லை. உங்களைப் பற்றிய பத்தியை மட்டும் மொழிபெயர்த்து மீதியை விட்டுவிடுவது தவறு. விதி "முழுமையாக" என்கிறது. நகலில் பத்திரிகையின் பெயரும் தேதியும் தெரிய வேண்டும். கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிவைத்த துண்டுகளில் பெரும்பாலும் அதுதான் இருக்காது.

தொழிற்சங்கக் கடிதம் எதற்கு?

இன்ன கலைஞர் இன்ன வேலைக்கு வருகிறார், ஆட்சேபம் இல்லை என்று அமெரிக்கத் தொழிற்சங்கம் தரும் கருத்து அது. இசைக்கலைஞருக்குப் பொதுவாக ஏஎஃப்எம், நடனத்துக்கு ஏஜிஎம்ஏ. மனுவின் நகலையும் கட்டணத்தையும் அனுப்பிக் கேட்க வேண்டும். பரதநாட்டியக் குழுவோடு பாட்டு, மிருதங்கம், நட்டுவாங்கம் எல்லாம் போகும்போது எந்தச் சங்கம் என்று குழப்பம் வரும். இரண்டிடமும் கேட்டுவிடுவது பாதுகாப்பு.

செலவு எவ்வளவு?

2024 ஏப்ரல் 1 முதல் உள்ள கட்டணப்படி பி (P) மனுவுக்கு 1,015 டாலர், ஓ (O) மனுவுக்கு 1,055 டாலர். மனுதாரர் லாபநோக்கற்ற அமைப்பாகவோ 25 முழுநேர ஊழியருக்கு மேற்படாத சிறு நிறுவனமாகவோ இருந்தால் 510, 530. இதற்கு மேல் புகலிடத் திட்டக் கட்டணம் 600 டாலர். சிறு நிறுவனத்துக்கு 300. லாபநோக்கற்ற அமைப்புக்கு இல்லை. ஆகவே ஒரு கோயிலோ தமிழ்ச் சங்கமோ நால்வர் குழுவுக்கு பி-3 போட்டால் மொத்தமாக 510 டாலர்தான். ஒரு மனுவில் 25 பெயர் வரை எழுதலாம். லாபநோக்கற்ற அமைப்பு என்பதற்கு ஐஆர்எஸ் என்ற அமெரிக்க வரித்துறை தந்த கடிதத்தை வைக்க மறக்கக் கூடாது.

விரைவுச் சேவைக்கு ஐ-907 படிவம். 2026 மார்ச் 1 முதல் 2,965 டாலர், அதற்கு முன் 2,805. இதில் யாருக்கும் சலுகை இல்லை. பிறகு தூதரக விசா கட்டணம் ஆளுக்கு 205 டாலர். சங்கக் கடிதம், வழக்கறிஞர் செலவு தனி.

கட்டணம் ஒரு டாலர் தவறினாலும் கட்டு அப்படியே திரும்பி வரும். 2025 அக்டோபர் 28க்குப் பிறகு காகிதக் காசோலையும் ஏற்பதில்லை. அட்டை என்றால் ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து என்றால் ஜி-1650 படிவம். அனுப்பும் நாளன்று படிவத்தின் பதிப்புத் தேதியையும் கட்டணத்தையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

எப்போது தொடங்க வேண்டும்?

நிகழ்ச்சிக்கு ஓராண்டு முன்பிருந்தே மனு போடலாம். ஈஸ்டரை ஒட்டி நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையிலிருந்து தொடங்கும் சுற்றுக்கு, முந்தின செப்டம்பரிலேயே தேதிகளும் ஒப்பந்தங்களும் கையில் இருந்தால் நிம்மதி. மார்கழி சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு ஜனவரியில் ஆரம்பிப்பவர்கள்தான் விரைவுக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்தச் சேவையின் 15 நாள் என்பது வேலை நாள், அதாவது மூன்று வாரம். அதற்குள் வருவது முடிவாக இருக்கலாம், கூடுதல் சான்று கேட்கும் கடிதமாகவும் இருக்கலாம். கடிதம் வந்தால், நீங்கள் பதில் அனுப்பிய பிறகு 15 நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

கூடுதல் சான்று கேட்டால் ஒரே தவணையில் எல்லாவற்றையும் அனுப்புங்கள். பாதி இன்று, பாதி அடுத்த வாரம் என்றால் முதல் பாதியை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

மனு தேறியபின் வயலின்காரர் வர முடியாமல் போனால்?

குழு மனுவாக இருந்தால் ஆளை மாற்றலாம். மனுதாரர் ஒரு கடிதமும் ஐ-797 ஒப்புதல் அறிவிப்பின் நகலும் தர, புதியவர் அவற்றோடு தூதரகத்தில் விண்ணப்பிப்பார். புதிய மனு வேண்டாம். ஒலி, ஒளி நிபுணர் போன்ற துணைப் பணியாளர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்குப் போடுவது பி-3எஸ் என்ற தனி மனு.

என் பெயரில் இனிஷியல்தான் இருக்கிறது, குடும்பப் பெயர் இல்லை.

தமிழருக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், டிஎஸ்-160இல் உங்கள் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, முதற்பெயர்க் கட்டத்தில் எஃப்என்யு (FNU, "முதற்பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம்) என்று போட வேண்டும். ஐ-129 படிவமும் பாஸ்போர்ட்டை ஒட்டியே இருக்கட்டும். மேடைப் பெயர் வேறு என்றால், விமர்சனத்தில் ஊர்ப்பெயரோடு வருபவரும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு இருப்பவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் வைத்துவிடுங்கள். படிவத்தில் "வேறு பெயர்கள்" என்ற கட்டம் அதற்காகவே இருக்கிறது.

சென்னையில் நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

முதலில் விசா விண்ணப்ப மையத்தில் கைரேகை, புகைப்படம். பிறகு அண்ணா சாலை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் நேர்காணல். என்ன வாசிப்பீர்கள், யார் அழைத்தது, எத்தனை ஊர், எவ்வளவு சம்பளம், எப்போது திரும்புவீர்கள் என்று இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். மனுவின் நகலை முதல் நாள் இரவாவது படித்துவிட்டுப் போங்கள். மனுவில் எட்டுக் கச்சேரி இருக்க, "நாலைந்து இருக்கும்" என்று சொல்லி மாட்டிக்கொள்வது வீண்.

பி-3 விசாவுக்கு ஊரில் வீடும் பிழைப்பும் விட்டுவிடாமல் இருப்பது நிபந்தனை. இங்கே நடத்தும் வகுப்பு, ஒப்புக்கொண்ட அடுத்த சீசன் கச்சேரி, குடும்பம் ஆகியவற்றைப் பற்றிய காகிதங்கள் கையில் இருக்கட்டும். ஓ-1 விசாவில் இந்தக் கெடுபிடி இல்லை.

மனைவி, கணவர், பிள்ளைகள் வரலாமா?

பி-4 (P-4) அல்லது ஓ-3 (O-3) விசாவில் வரலாம், படிக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. மகள் தம்பூரா போட்டுக்கொண்டு பின்னால் உட்காருவாள் என்றால், அவள் பெயரைக் குழு மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.

வாத்தியங்களைக் கொண்டுபோவதில் சிக்கல் உண்டா?

கஞ்சிராவில் உண்டு. மரபான கஞ்சிரா உடும்புத் தோலில் கட்டியது. உடும்பு இந்திய வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் உள்ள உயிரினம். அந்தக் கஞ்சிராவோடு எல்லை தாண்டினால் வாத்தியமும் போகும், வழக்கும் வரும். செயற்கைத் தோல் கஞ்சிரா எடுத்துப் போங்கள், நாதம் கொஞ்சம் குறைந்தாலும். தந்த வேலைப்பாடுள்ள பழைய வீணையும் வீட்டிலேயே இருக்கட்டும். மிருதங்கத்தின் தொப்பிக்கு வேண்டிய ரவையை அங்கே இந்தியக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பெட்டியில் வைத்தால் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும்.

சம்பளம் முழுதாகக் கைக்கு வருமா?

வராது. வெளிநாட்டுக் கலைஞருக்குத் தரும் தொகையில் பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது அமைப்பாளரின் கடமை. செலவு கழிப்பதற்கு முன்னால் உள்ள மொத்தத் தொகையில் பிடிப்பார்கள். பெரிய சுற்று என்றால் ஐஆர்எஸ்ஸோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து, நிகர வருமானக் கணக்கில் பிடித்தத்தைக் குறைக்கலாம். படிவம் 13930, முதல் நிகழ்ச்சிக்கு 45 நாள் முன்பாவது போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்ஆர் தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு வரி எண் வேண்டும். பிடித்ததற்கான 1042-எஸ் சான்றை எல்லா அமைப்பாளரிடமும் கேட்டு வாங்குங்கள்.

சினிமாக்காரர்களுக்கும் இதே ஓ-1பி தானா?

பிரிவு அதுதான், அளவுகோல் கடினம். திரைப்படம், தொலைக்காட்சிக்கு "அசாதாரணச் சாதனை" காட்ட வேண்டும். கருத்துக் கடிதமும் இரண்டு: தொழிலாளர் சங்கத்திடமிருந்து ஒன்று, தயாரிப்பாளர் தரப்பு அமைப்பிடமிருந்து ஒன்று. எடிட்டரும் விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளரும் படத்தின் வசூலைக் காட்டினால் போதாது. அந்தப் படத்தில் உங்கள் வேலை எது என்று தயாரிப்பாளரோ இயக்குநரோ காட்சி வாரியாகச் சொல்லும் கடிதம் வேண்டும்.

எத்தனை நாள் தங்கலாம்?

மனுவின் காலத்துக்கு முன்னும் பின்னும் 10 நாள் வரை அனுமதிக்க விதி உண்டு. அந்த நாட்களில் வேலை செய்யக் கூடாது. கணக்கு விசா ஸ்டிக்கரில் இல்லை, நாட்டுக்குள் நுழையும்போது பதியும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள தேதியில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் இணையத்தில் ஐ-94ஐ எடுத்துப் பாருங்கள். வந்த விசா வகை பி-3 (P-3) என்பதற்குப் பதில் பி-2 (B-2) என்று பதிவாகியிருந்தால், முதல் கச்சேரிக்கு முன்பே திருத்தி வாங்கிவிட வேண்டும்.